ஸ்பைடர் லிஃப்ட்

ஸ்பைடர் லிஃப்ட் என்பது ஆட்களை உயரத்துக்கு ஏற்றி வேலை செய்ய உதவும், ரப்பர் பட்டைகளில் நகரும் இயந்திரமாகும். நான்கு தாங்குகால்களை விரித்து ஊன்றி நிற்பது சிலந்தி போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. இத்தாலியின் ஹினோவா உள்ளிட்ட நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன.

கால்களை மடக்கினால் சிறிய வகைகள் ஏறத்தாழ 80 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும், வாசல் வழியாகவே தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். லித்தியம் மின்கலத்தில் இயங்கும் புதிய வகைகளைக் கட்டடத்தின் உள்ளேயும் புகையின்றிப் பயன்படுத்தலாம். கூடையின் சுமை வரம்பு பெரும்பாலும் 200 முதல் 230 கிலோ, அதாவது கருவிகளுடன் இருவர். விற்பனையாளர் கூறும் ‘வேலை உயரம்’ பொதுவாகக் கூடைத் தளத்தின் உயரத்துடன் 2 மீட்டர் கூட்டிச் சொல்லப்படுவது.

பிரிட்டனில் 2012-இல் உறுதி செய்யப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்து வருகிறது. நோயுற்ற மரம் சட்டென முறியும். கயிறு கட்டி அதில் ஏறுவது உயிருக்கே ஆபத்து. லிஃப்டில் நிற்பவரின் எடை மரத்தின்மீது விழுவதில்லை.

நகரும்போது எடை பட்டைகளில் பரவுவதால் புல்தரை அதிகம் கெடாது. ஆனால் வேலையின்போது மொத்த எடையும் நான்கு கால்களில் இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகன்ற தட்டு வைக்கப்படுகிறது. கால்கள் சரியாக ஊன்றப்படாவிட்டால் உணரிகள் இயந்திரக் கையை உயரவிடாது. தரைக்கடியில் மூடிய கிணறோ கழிவுநீர்த் தொட்டியோ இருப்பது அந்த உணரிகளுக்குத் தெரியாது. அதை இயக்குபவர்தான் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலானவை மின்காப்பற்றவை என்பதால் மின்கம்பிகளுக்கு அருகில் கொண்டுசெல்லக் கூடாது.