வரி முடிவுக் குறிச் சிக்கல்

வரி முடிவுக் குறி என்பது உரைக் கோப்பில் ஒரு வரி முடிவதைக் காட்டும், திரையில் தெரியாத குறியாகும். விண்டோஸ் இயங்குதளத்தில் 13, 10 என்ற இரண்டு குறியெண்கள் சேர்ந்து வரி முடிவைக் குறிக்கின்றன. லினக்ஸில் 10 மட்டுமே. டெலிபிரின்டரில் அச்சுமுனையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர 13, தாளை ஒரு வரி நகர்த்த 10 எனக் கட்டளைகள் இருந்ததே இதன் தொடக்கம்.

சிக்கல்

விண்டோஸில் எழுதிய பாஷ் நிரலை லினக்ஸில் நேரடியாக இயக்கினால், முதல் வரியின் கடைசியிலுள்ள 13, அவ்வரி குறிப்பிடும் பாஷ் கோப்பின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்பெயரில் கோப்பு இல்லாததால் பிழைச்செய்தி வருகிறது. நிரலில் எழுத்துப்பிழை இல்லை. புதிதாகப் பயில்வோர் அதே கோப்பில் வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் பிழை நீங்காது. பலர் தம் மீதே ஐயம் கொள்வர்.

தீர்வு

விஷுவல் ஸ்டுடியோ கோட் தொகுப்பியில் வெற்றிடங்களைக் காட்டும் வசதியை இயக்கினாலும் இக்குறி தெரியாது. கீழ்ப்பட்டையின் வலப்புறம் பார்க்க வேண்டும். அங்கு 'சிஆர்எல்எஃப்' என்றிருந்தால், அதைச் சொடுக்கி 'எல்எஃப்' எனத் தேர்ந்தெடுத்துக் கோப்பைச் சேமித்தால் போதும்.

சிக்கல் மீண்டும் வந்தால் கிட் மென்பொருளின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். விண்டோஸில் கோப்புகளை எடுக்கும்போது அது இக்குறியைத் தானாக மாற்றும்படி அமைக்கப்பட்டிருக்கலாம்.