தன்னைக் கருக்கிக்கொள்ளும் நெல்

குலை நோய்ப் பூசணத்தின் வித்து, பனி ஈரம் படிந்த நெல் இலையில் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குமிழை உருவாக்கி, அதற்குள் 80 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் ஏற்றுகிறது. கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு! அந்த விசையில்தான் இலைத்தோலைத் துளைக்கிறது.

நெல்லும் லேசுப்பட்டதல்ல. மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்காவை இலைத்தோலுக்கு அடியில் முன்கூட்டியே படியவைத்திருக்கும். அதையும் தாண்டிப் பூசணம் வந்தால், அதன் உடற்சுவரில் உள்ள கைட்டின் துணுக்குகளைப் பயிரின் செல்கள் மோப்பம் பிடித்துவிடும். உடனே செல்சுவர் தடிக்கும்; பூசணத்தை ஒடுக்கும் வேதிப்பொருள்கள் சுரக்கும். எதிர்ப்பு மரபணு உள்ள ரகமென்றால், தாக்கப்பட்ட செல்கள் தாமாகவே மடிந்துவிடும். உயிருள்ள செல்லில்தான் காலூன்ற முடியும் என்பதால், பூசணம் அங்கேயே முடங்கும். இலையில் ஊசிமுனை அளவுப் பழுப்புப் புள்ளிகளே மிஞ்சும். ஆனால் யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டால் இந்தக் காவலெல்லாம் தளர்ந்துபோகும்.

நம் கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகம் குலை நோய்க்கு எளிதில் பலியாகும். அந்தக் குறைதான் அதற்கு உலகப் பெயரே வாங்கித் தந்தது! பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினர், எதிர்ப்பு மரபணுக்களைத் தனித்தனியே அதில் சேர்த்து, எந்த மரபணு எந்தப் பூசண வகையைத் தடுக்கிறது என்று பிரித்தறிந்தார்கள்.