ஏறும் கியரிலேயே இறங்குக

மேட்டை நெருங்கும் மாட்டுவண்டிக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? மேடு தொடங்கும் முன்பே மாடுகளைத் தட்டிக்கொடுத்துச் சற்று விரைவுபடுத்துவார். பாதி மேட்டில் மாடுகள் நுரை தள்ளி நின்ற பிறகு சாட்டையை எடுப்பதில் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். இறக்கத்திலோ மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து, மாடுகளே வண்டியைத் தாங்கி இறங்கும்படி செய்வார். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்லும் நாம் செய்ய வேண்டியவையும் இவ்விரண்டும்தாம். நமக்குச் சாட்டையும் கயிறும் கியரே.

நம்மில் பலர் கியரை வேகத்தோடு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். இருபதுக்கு இரண்டாவது, முப்பதுக்கு மூன்றாவது, நாற்பதைத் தாண்டினால் டாப் என்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறோம். சமதளச் சாலையில் தனியாகச் செல்லும்போது இந்த வாய்பாட்டில் பிழையில்லை. பின்னால் ஒருவர் அமர்ந்து, மூட்டையும் கட்டிக்கொண்டு மலையடிவாரத்தை அடைந்ததும் அது பொய்த்துவிடுகிறது. ஏனெனில், கியரைத் தீர்மானிப்பது வேகம் மட்டும் அன்று. எஞ்சின் மீது அந்நேரத்தில் விழும் சுமையும் ஆகும்.

காரணத்தைப் பார்ப்போம். எஞ்சினின் திறன் என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கம். கியர் பெட்டி புதிதாகத் திறன் எதையும் உண்டாக்குவதில்லை. எஞ்சினின் சுழற்சியைக் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்குவிசையைப் பெருக்கிச் சக்கரத்துக்குத் தருகிறது. கையால் அசையாத பாறையைக் கடப்பாரையால் நெம்புவது போன்றதுதான் இது. கை நெடுந்தூரம் நகர்கிறது, பாறை சிறிதே நகர்கிறது, ஆனால் நகர்கிறது!

எளிய கணக்கு ஒன்று. பின்சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்க. டாப் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஐந்தரை முறையும், மூன்றாவதில் ஏழரை முறையும், இரண்டாவதில் பத்து முறையும் சுற்றுவதாகக் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அதாவது சக்கரம் 500 சுற்று. அப்போது டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,750 முறை சுழலும். இது நிறைவான ஓட்டம். அதே வண்டி மலைப்பாதையில் 30 கி.மீ. வேகத்துக்கு இறங்கியும் கியர் மாற்றப்படவில்லை என்றால், எஞ்சின் 1,375 சுழற்சியில் தத்தளிக்கும். இரண்டாவது கியருக்கு வந்தால் 2,500 சுழற்சி கிடைக்கும். சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

எல்லா எஞ்சினுக்கும் ஒரே சுழற்சி பொருந்துமா? பொருந்தாது. சென்னைத் திருவொற்றியூர் தந்த பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் உருளை விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. 1983-இல் நம் நாட்டில் வெளிவந்த ராஜ்தூத் 350, கொள்ளளவில் அதற்குச் சமமானது. ஆனால் அது இரண்டு உருளைகளும் 54 மி.மீ. வீச்சும் கொண்ட இரண்டடி எஞ்சின். புல்லட் 4,000 சுழற்சியில் ஓடும்போதும், ராஜ்தூத் 6,700 சுழற்சியில் ஓடும்போதும், இரண்டின் பிஸ்டன்களும் நொடிக்குச் சராசரியாக 12 மீட்டர் வேகத்தில்தான் இயங்குகின்றன! வீச்சு நீண்ட எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும்; அதற்கு நான்கு கியர்கள் போதுமானவையாக இருந்தன. உயர்ந்த சுழற்சியில் மட்டும் உயிர்பெறும் எஞ்சினை அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருக்க ஆறு கியர்கள் வேண்டியிருந்தன. 2020-இல் வந்த புதிய 349 சி.சி. என்ஃபீல்டு எஞ்சினோ 4,000 சுழற்சியில்தான் தன் உச்ச முறுக்குவிசையைத் தருகிறது. அதற்கு ஐந்து கியர்கள். ஆகவே பழைய புல்லட்டில் பழகியவர் புதியதில் ஏறினால், முன்பைவிடச் சற்று உயர்ந்த சுழற்சிக்குத் தம் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

தாழ்ந்த சுழற்சியில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகுவதால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்புவோர் பலர். சமதளத்தில் மிதமாகத் திருகிச் செல்லும்வரை அது ஓரளவு உண்மை. மேட்டில் அது எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை. பிஸ்டன் மெல்ல நகர்வதால் எரியும் வாயு மிகுந்த அழுத்தத்தோடு நெடுநேரம் அடைபட்டு நிற்கிறது. தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே ஒரு பகுதி தானாக வெடிக்கிறது. 'டக் டக்' என்று தட்டும் ஒலி அதுதான். எண்ணெய் பம்பு எஞ்சினாலேயே சுழற்றப்படுவதால், சுமை மிகுந்த அந்த நேரத்தில் எண்ணெயும் குறைவாகவே வருகிறது. இதற்கு மாறாக, அளவுக்கு மீறிய சுழற்சியில் ஓட்டினால் உராய்வும் அதிர்வும் பெருகிப் பெட்ரோல் வீணாகும்.

சுழற்சிமானி இல்லாத வண்டியில் சரியான கியரை அறிவது எப்படி? ஒரு சோதனை போதும். ஆக்ஸிலேட்டரை இன்னும் சிறிது திருகிப் பாருங்கள். வண்டி உடனே விரைந்தால் கியர் சரி. ஒலி மட்டும் கனத்து வேகம் கூடாவிட்டால் ஒரு கியர் குறையுங்கள். கைப்பிடி எப்போதும் சிறிது மிச்சம் வைத்திருக்க வேண்டும். எதிரே பஸ் வரும்போது அந்த மிச்சம்தான் உதவும். கொண்டை ஊசி வளைவில் கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். நடு வளைவில் கிளட்சைப் பிடித்தவருக்கு, சாய்ந்த வண்டியைத் தாங்கும் இழுவை அற்றுப்போகும்.

இனி இறக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கினேன். வளைவுகள் எழுபது. "இறக்கத்துக்கு எதற்குப் பெட்ரோல்?" என்று நண்பர் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டார். பாதி வளைவுகள் தாண்டியபோது கருகிய நாற்றம் வந்தது. பிரேக் பிடி கைப்பிடியைத் தொட்டும் வேகம் குறையவில்லை. பதற்றத்தில் கியர் போடவும் அவருக்குத் தோன்றவில்லை. மலைப்பக்க ஓடைக்குள் வண்டியை இறக்கி நிறுத்தினார். சிராய்ப்புகளோடு தப்பினோம். சாலையின் மறுபக்கம் பள்ளத்தாக்கு.

அன்று நடந்தது என்ன என்பதைப் பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். வண்டி, இருவர், மூட்டை எல்லாம் சேர்த்து 300 கிலோ என்க. 1,000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 29 லட்சம் ஜூல். 30 டிகிரியில் உள்ள 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்! காற்றும் சாலையும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சினும் துணைக்கு இல்லையென்றால், மீதி முழுவதும் இரண்டு பிரேக்குகளின் தலையில் விழுகிறது. டிரம் சூடேறி விரிகிறது; லைனிங் பிடிப்பை இழக்கிறது. டிஸ்க் பிரேக்கிலும் எண்ணெய் கொதித்துக் குமிழிட்டால் இதே கதிதான்.

கியரில் இறங்கினால், ஆக்ஸிலேட்டர் மூடிய எஞ்சின் காற்றை இழுக்கத் திணறி, அந்தத் திணறலாலேயே வண்டியைப் பின்னிழுக்கிறது. சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்வதால் பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது. எந்த மேட்டை எந்தக் கியரில் ஏறுவோமோ, அந்த இறக்கத்தை அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. பெட்ரோல் மிச்சம் என்ற வாதமும் இன்று நிற்காது. எரிபொருளை ஊசித்துளை வழியே செலுத்தும் இன்றைய வண்டிகள் பலவற்றில், கியரில் இறங்கும்போது பெட்ரோல் அறவே நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் ஓடும் எஞ்சினே பெட்ரோலைக் குடிக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கியரைக் குறைக்கும்போது ஆக்ஸிலேட்டரைச் சிறிது தட்டி, கிளட்சை மெல்ல விடவும். இல்லாவிட்டால் ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும். பழைய இரண்டடி எஞ்சின்களுக்கு ஆக்ஸிலேட்டரைத் திறந்தால்தான் போதிய எண்ணெய் செல்லும். ஆகவே நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது சிறிது திறந்துவிட வேண்டும். அவை பின்னிழுப்பதும் குறைவே.

விடுமுறையில் மலைக்குச் செல்லத் திட்டமிடும் நண்பர்களே! பிரேக்கையும் டயரையும் சோதிப்பதோடு உங்கள் காதையும் கூட்டிச் செல்லுங்கள். எஞ்சின் திணறும் முன்பே அதன் குரல் மாறுகிறது. அக்குரலுக்கு ஏறும்போது செவிசாய்த்தால் எஞ்சின் பிழைக்கும். இறங்கும்போது செவிசாய்த்தால் நாம் பிழைப்போம்.