கையெழுத்துப் போட்ட கிட்டார்

ராக் இசைக் கலைஞர்கள் கையெழுத்திட்ட கிட்டார், இசைத்தட்டு உறை, கச்சேரிச் சுவரொட்டி எல்லாம் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், ஈரி ஏரிக்கரையில் 1995-இல் திறக்கப்பட்ட ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ ராக் இசைச் சேகரிப்புக்குப் பேர்போன இடம்.

இத்தகைய பொருள்களைச் சேகரிப்பவர்களுக்கு முதல் தலைவலி, கையெழுத்து அசலா என்பதுதான். பீட்டில்ஸ் குழுவையே எடுத்துக்கொள்ளலாம். 1960-களில் ரசிகர்கள் மொய்த்தபோது, குழுவின் உதவியாளர்களான நீல் ஆஸ்பினாலும் மால் எவான்ஸும் நால்வர் பெயரையும் தாங்களே எழுதிக் கொடுத்ததுண்டு. காலம் சரி, தாள் சரி, மை சரி. எழுதிய கை மட்டும் வேறு. காசுக்காகச் செய்யப்படும் போலியைவிட இந்த நல்லெண்ணப் போலியைக் கண்டுபிடிப்பது கடினம். எனவே எழுத்தின் சாய்வையும் பேனா அழுத்தத்தையும் உறுதியான மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள். பொருள் யார் யாரிடம் கைமாறி வந்தது என்பதையும் துருவுகிறார்கள்.

அசல் என்று தெரிந்த பின் வெளிச்சமே எதிரி. பால்பாயிண்ட், மார்க்கர் பேனாக்களின் மைச்சாயம் ஒளி பட்டுப்பட்டு வெளுக்கும். நீலம் சாம்பலாகி, கடைசியில் தாளில் பேனா அழுத்திய தடம்தான் மிஞ்சும். போன நிறம் திரும்பாது. கிட்டாரின் வழவழப்பான பிளாஸ்டிக் தகட்டில் மை ஊறாததால், விரல் உரசினாலே அழியக்கூடும். தாள்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் அளவே ஒளி தருவார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை தாள்களை இறக்கி, அமிலமற்ற உறையிலிட்டு இருட்டில் வைப்பது வழக்கம்.