விலாசம் மாறினும் பெயர் மாறாதிருக்க

ஊர் விட்டு ஊர் மாற்றலாகி வாழும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும்: விலாசம் அடிக்கடி மாறும், பெயர் மாறுவதில்லை. நம் வீட்டுக் கணிப்பொறிக்கும் இது பொருந்தும்.

வீட்டு ரௌட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் விலாசத்தைத் தவணை வைத்து வழங்குகிறது. தவணை கடந்தபின் அவ்வெண் வேறொரு கருவிக்குப் போய்விடக்கூடும். ஊரிலிருந்து அவசரமாகக் கேட்ட நிலப்பத்திர நகலை எடுக்க, பழைய எண்ணைக் கொண்டு நம் கணிப்பொறியைத் தேடினோம், கிட்டவில்லை. பத்திரமே அழிந்ததோ என்று அஞ்சினோம். மாறியது எண் மட்டுமே.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, கணிப்பொறியைப் பெயரால் அழைத்தல். ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு ஆகியவற்றால் 15 எழுத்துக்குள் ஒரு பெயரிடுக. அதே பெயரை மற்றொன்றுக்குச் சூட்டலாகாது. அப்பெயரின் பின் 'டாட் லோக்கல்' என்று சேர்த்து அழைத்தால், "இப்பெயருக்குரியவர் யார்?" என்ற வினா வீட்டு இணைப்பெங்கும் செல்லும். உரிய கணிப்பொறியே தன் அன்றைய எண்ணைச் சொல்லும். இம்முறைக்கான விதிகள் 2013-இல் வெளியாயின.

இரண்டாவது, பெயரை உணராத பழங்கருவிகளுக்காக, கணிப்பொறியின் 48 பிட் அடையாள எண்ணை ரௌட்டரில் பதிந்து, ஒரு விலாசத்தை அதற்கென்றே ஒதுக்குதல். கம்பி இணைப்புக்கும் வைஃபைக்கும் அடையாள எண் வெவ்வேறு என்பதை மறத்தலாகாது.

அடுத்த மாற்றலில் ரௌட்டரும் மாறினால், ஒதுக்கீட்டை மீண்டும் செய்தல் வேண்டும். பெயரோ, கணிப்பொறியோடு நம் கூடவே வரும்.