உங்களுக்குத் தெரியுமா? பாமினியின் தந்திரம்

யாழ்ப்பாணத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் கோயில் திருவிழா அறிவித்தலும் வடிவமைப்போர் போட்டோஷொப்பில் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் ஸ்தானங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்திய தந்திரத்தால் இயங்குவதாதலின், ‘எம்’ விசையை அழுத்த அகரமும் ‘கே’ விசையை அழுத்த மகரமும் தோன்றும். அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் அக்கோப்பைத் திறந்து திருத்தப் புகுந்தாலோ, அமரரின் பெயர் அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் கூட்டமாய் மாறிவிடும். யுனிகோட் எழுத்துருவுக்கு இவ்விபத்து இல்லை. எனினும், மெய்க்குப் பின்னே சேமிக்கப்படும் கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்தும் வித்தையை மென்பொருளே செய்யவேண்டியிருப்பதால், தெற்காசிய மொழிகளுக்குரிய அமைப்பைத் தெரிவுசெய்யாத பழைய போட்டோஷொப் பதிப்புகளில் ‘கொ’ சிதறி நிற்கக் காணலாம். பாமினியிலோ கொம்பைத் தட்டச்சு செய்பவரே முதலில் இட்டுவிடுவார். அச்சகத்தார் அதனை இன்னும் கைவிடாமைக்குச் சோம்பலை மாத்திரம் காரணமாகச் சொல்வது நியாயமன்று.