முந்திரிப் பெட்டியும் மூன்றாம் தரப்பும்

கடலூர்–விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி–கும்பகோணம் சாலையும் சந்திக்கும் வடலூர் நான்குமுனைச் சந்திப்பைச் சுற்றியுள்ள வட்டாரம் முந்திரிக்குப் பேர்போனது. இங்கு உடைத்துத் தோல் நீக்கித் தரம்பிரிக்கப்படும் பருப்பு வெளிநாட்டு வணிகரைச் சென்றடைவதற்குள் கிடங்கு, லாரி, சுங்கம், துறைமுகம், கப்பல் எனப் பல கைகள் மாறுகிறது. விற்பவராகவும் வாங்குபவராகவும் இல்லாமல், இவ்வேலைகளையெல்லாம் ஒப்பந்தத்தின்பேரில் ஏற்று ஒருங்கிணைத்து நடத்தித் தரும் நிறுவனமே ‘மூன்றாம் தரப்புச் சரக்கு மேலாண்மை நிறுவனம்’ எனப்படுகிறது. லாரி புக்கிங் ஆபீசின் பொறுப்பு பெரும்பாலும் சரக்கை இறக்கியதும் முடிந்துவிட, இந்நிறுவனமோ இருப்புக் கணக்கு, ஆவணம், கண்காணிப்பு ஆகியவற்றுக்கும் பொறுப்பேற்கிறது.

ஏற்றுமதிப் பருப்பு வழக்கமாக 22.68 கிலோ பெட்டிகளில் அடைக்கப்படுகிறது. 20 அடி கன்டெய்னர் ஒன்றில் இத்தகைய 700 பெட்டிகள், அதாவது ஏறத்தாழ 16 டன், ஏறும். அவ்வளவு சரக்கைத் தனியாகத் திரட்ட இயலாத சிறு உற்பத்தியாளர் பலரின் பெட்டிகளை ஒரே கன்டெய்னரில் சேர்த்தனுப்புவது இந்நிறுவனங்களின் திறன்களுள் ஒன்று. ஈரம் பட்டால் பருப்பு நமத்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஏற்றுமுன் ஒருவர் காலிக் கன்டெய்னருக்குள் நின்று, கதவைச் சாத்தச் சொல்லி, கூரையிலோ பக்கவாட்டிலோ ஊசித்துளை வழியே வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பதும் அத்திறனைச் சேர்ந்ததே.

உள்நாட்டு வணிகத்திலோ, வெளிமாநில விற்பனைக்கு விதிக்கப்பட்ட மத்திய விற்பனை வரியைத் தவிர்க்க மாநிலந்தோறும் கிடங்கு வைத்திருந்த உற்பத்தி நிறுவனங்கள், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் சில பெரிய கிடங்குகளே போதுமென்ற நிலையை அடைந்ததால், அவற்றை நடத்தித் தரும் மூன்றாம் தரப்பு நிறுவனங்களுக்கு வாய்ப்பு பெருகியது. இத்தகைய நிறுவனங்களுள் ஒன்றான, தமிழகத்தில் வேர்கொண்ட டி.வி.எஸ். சப்ளை செயின் சொல்யூஷன்ஸ் 2023இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படும் அளவுக்கு வளர்ந்தது.

ஆயினும் லாரிகளின் எண்ணிக்கையும் கிடங்கின் பரப்பும் திறனைக் காட்டுமேயன்றிச் செயல்பாட்டைக் காட்டா. சரக்கு உரிய நேரத்தில், முழு அளவில், சேதமின்றி, பிழையற்ற ஆவணங்களோடு சேர்கிறதா என்ற நான்கையும் ஒருங்கே நிறைவேற்றுவதே ‘குறையற்ற ஆணை’ எனப்படும் அளவுகோல். ஒவ்வொன்றிலும் 100க்கு 95 பெறும் நிறுவனம் சிறந்ததாகவே தோன்றும். ஆனால் இந்நான்கும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு பெருக்கினால், எக்குறையுமின்றிச் சேர்பவை 100க்கு 81 மட்டுமே. எனவே டன்னுக்கு எவ்வளவு வாடகை என்பதை மட்டும் பேசி முடிக்காமல், இந்நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதி மாதந்தோறும் சரிபார்க்கும் உற்பத்தியாளருக்கே மூன்றாம் தரப்பின் திறன் முழுப் பயன் தரும்.